சீனம் பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலச் சொல்லாக்கமும் இலக்கணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்காக?

சீனம் பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்காக. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'சீனம்' என்று எழுதும் இடங்களில் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் என்று கொள்ளுங்கள். கன்டோனீஸ் பற்றித் தனியாக ஒரு பதில் இருக்கிறது. ஆங்கில, சீனச் சொற்களை ஒலிக்கேற்பத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். சீனத்தின் தொனிகளை (பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கங்களை) தமிழில் காட்ட வழியில்லை, அதை மன்னித்துவிடுங்கள்.

சீன மொழிக்கு இலக்கணமே கிடையாதாமே?

சீனர்களில் சிலரே இப்படிச் சொல்வார்கள். நம்பாதீர்கள். சீனத்தில் சொல் உருமாறுவதில்லை என்பது மட்டும்தான் உண்மை. 'போ' என்பதற்கான சொல் நேற்றைக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான்; நான், நீ, அவள், அவர்கள் யார் போனாலும் அதுதான். காலத்தை 'நேற்று', 'நாளை' போன்ற சொற்கள் சொல்லிவிடும். யார் போனார் என்பதை எழுவாய் சொல்லிவிடும். அதற்குமேல் வினைச்சொல்லும் ஏன் அதையே திரும்பச் சொல்ல வேண்டும் என்று சீனம் கேட்கிறது. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சொல் வரிசையில் சீனம் மிகக் கறார். ஒரே ஓர் உதாரணம். 'கெரென்' என்றால் விருந்தாளி, 'லாய்' என்றால் வா. 'கெரென் லாய் லெ' என்றால் நாம் எதிர்பார்த்திருந்த அந்த விருந்தாளி வந்துவிட்டார். 'லாய் கெரென் லெ' என்றால் யாரோ ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். சொற்கள் அதே மூன்று. இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'எ', 'தி' கற்பிக்கும்போது கைகொடுக்கும்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்கள் நாம். 'வந்தனன்' என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று ஆறாகக் கூறுபோட்டு மதிப்பெண் வாங்கியவர்கள். சீன மாணவர் அப்படி ஒரு பாடத்தைப் பார்த்ததே இல்லை. அவர் மொழியின் வினைச்சொற்கள் நம் கணக்கில் பகாப்பதங்கள்தான். சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஒலி காலத்தையும் ஆளையும் காட்டும் என்ற எண்ணம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவருக்கு அது புதுச் செய்தி.

சொல்லாக்கம் வேறு, இலக்கணம் வேறு அல்லவா? ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

பாடநூலில் வேறு. மாணவரின் வாயில் இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. 'வாக்' என்பதோடு 'ட்' சேர்த்தால் 'வாக்ட்', அது இலக்கணம். 'கைண்ட்' என்பதோடு 'னெஸ்' சேர்த்தால் 'கைண்ட்னெஸ்', அது சொல்லாக்கம். இரண்டிலும் நடப்பது விகுதி சேர்வது. சீன மாணவர் ஒரு சொல்லின் தலையைப் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொண்டு, கடைசி எழுத்துகளைப் பார்க்காமலே அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். பொருள் கிடைத்துவிட்ட பிறகு மீதியைப் பார்க்க அவருக்கு ஏது காரணம்?

ஆகவே என் முறையில் முதல் வாரத்திலிருந்தே ஒரே பழக்கம்: சொல்லின் கடைசியைப் பார், கடைசியைக் கேள், கடைசியைச் சொல். 'எஸ்', 'இடி', 'ஐஎன்ஜி' ஆகியவற்றையும் 'னெஸ்', 'ஃபுல்', 'லி', 'ஷன்' ஆகியவற்றையும் ஒரே பலகையில் எழுதுகிறேன். முதல் வகை சொல்லின் வகையை மாற்றாது, இரண்டாவது மாற்றும் என்ற பாகுபாட்டைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

'ஹீ இஸ் வெரி சக்ஸஸ்' என்று நன்றாகப் படிக்கும் மாணவர்கூட எழுதுகிறாரே, ஏன்?

அவருக்குத் தெரிந்த சீனச் சொல் 'ச்செங்கொங்'. வெற்றி என்ற பெயருக்கும், வெற்றி பெறு என்ற வினைக்கும், வெற்றிகரமான என்ற அடைக்கும் அந்த ஒரே சொல்தான். 'ஃபாஜான்' என்பதும் அப்படியே: வளர்ச்சி, வளர், வளர்த்தெடு எல்லாம் அதுவே. சொல் எந்த வேலை செய்கிறது என்பதை அது நிற்கும் இடம் காட்டிவிடும். இந்த மாணவர் அகராதியைத் திறந்து 'ச்செங்கொங்' என்பதற்கு எதிரே முதலில் இருந்த 'சக்ஸஸ்' என்பதை எடுத்துக்கொண்டு, மூன்று வேலைக்கும் அதையே அனுப்புகிறார். அவர் மொழியின் விதிப்படி அது சரிதான்.

இதற்கு 'பெயர்ச்சொல் என்றால் என்ன' என்று வரையறை சொல்லிப் பயனில்லை. வரையறை அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் செய்வது இதுதான். பலகையில் நான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிடம். 'ஷீ வில் ____.' 'ஷீ இஸ் ____.' 'ஹெர் ____ சர்ப்ரைஸ்ட் அஸ்.' 'ஷீ ஃபினிஷ்ட் இட் ____.' இடத்தை வைத்துச் சொல்லைத் தேர்வது அவருக்குப் பழகிய கலை, அதையே பயன்படுத்திக்கொள்கிறோம். இப்போது 'சக்ஸீட்', 'சக்ஸஸ்ஃபுல்', 'சக்ஸஸ்', 'சக்ஸஸ்ஃபுலி' நான்கையும் உரிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே வெற்றிடங்களுக்கு 'கேர்' குடும்பம், 'ஹோப்' குடும்பம். இரண்டாம் நாள் வாக்கியங்களை அழித்துவிட்டுச் சொற்களை மட்டும் கொடுத்து, அவர்களே வாக்கியம் அமைக்க வேண்டும். எந்தப் புதுச் சொல்லையும் தனியாக எழுத விடாதீர்கள். குறிப்பேட்டில் குடும்பமாகத்தான் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தோடு.

'ஐ ஆம் போரிங்' என்ற பிரபலமான வாக்கியமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 'வூலியாவ்' என்ற சீனச் சொல் சலிப்பு அடைந்தவருக்கும் பொருந்தும், சலிப்பூட்டும் சொற்பொழிவுக்கும் பொருந்தும். 'போர்ட்', 'போரிங்' என்ற வேறுபாட்டை விதியாகச் சொல்வதைவிட, ஒரு படத்தில் தூங்கி வழியும் மாணவனையும் பேசிக்கொண்டே போகும் ஆசிரியரையும் வரைந்து, யார் எது என்று கேட்டால் போதும். ஆசிரியருக்கு உங்கள் முகச்சாயல் இருந்தால் இன்னும் நன்றாக நினைவில் நிற்கும்.

வேர், முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

சீன மாணவர்கள் கேட்காமலே செய்வார்கள். சொற்பட்டியல் மனப்பாடம் அங்கே ஒரு தனிக் கலாசாரம். அகரவரிசைச் சொல் நூல்களின் தொடக்கத்திலேயே 'அபேன்டன்' வந்துவிடும். அதன் பொருள் 'கைவிடு'. முதல் நாள் அந்தச் சொல்லைப் படித்தோம், அன்றே கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே பழகிப்போன கேலி.

முன்னொட்டுகள் அவர்களுக்கு எளிது. சீனத்திலேயே 'ஃபேய்' (அல்லாத), 'ஃபான்' (எதிர்) போன்றவை சொல்லின் முன்னால் வந்து நிற்கின்றன. பின்னால் வருபவையும் கொஞ்சம் உண்டு: 'ஷியென்தாய்' என்றால் நவீனம், அதோடு 'ஹுவா' சேர்த்தால் நவீனமயமாக்கல்; வினையோடு 'ஜெ' சேர்ந்தால் அதைச் செய்பவர். 'ஹுவா' கிட்டத்தட்ட நம்முடைய 'மயமாக்கல்', ஆங்கிலத்தின் 'மாடர்னைஸ்' சொல்லில் கடைசியில் வரும் 'ஐஸ்'. இந்த மூன்று நான்கு இணைகளைக் காட்டியதும் வகுப்பில் முகங்கள் தெளிவதைப் பார்க்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில். சீன ஒட்டு எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் சொல்லின் ஒலி அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் ஒட்டு வந்ததும் உள்ளே இருப்பதும் ஆட்டம் காண்கிறது. 'இன்' என்பது 'பாசிபிள்' முன்னால் 'இம்' ஆகிறது, 'லீகல்' முன்னால் 'இல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்'. மெய்ம்மயக்கமும் புணர்ச்சியும் படித்த தமிழ் ஆசிரியருக்கு இது வியப்பளிக்காது, அவர்களுக்கு வியப்பு. அதைவிடப் பெரிய தொல்லை அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' சொல்லில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாகிரஃபர்' ஆனதும் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' ஆனால் மூன்றாவதுக்கு. ஒவ்வோர் அசைக்கும் தொனியோடு வளர்ந்த காதுக்கு, ஒரே வேர் மூன்று விதமாக ஒலிப்பது மூன்று அந்நியர்களைச் சந்திப்பது போலத்தான். பட்டியலில் எழுத்து மட்டும்தான் இருக்கும். எனவே பட்டியல் படித்தவர் தாளில் அடையாளம் காண்பார், காதில் விழுந்தால் காண மாட்டார். குடும்பத்தைச் சத்தமாக, கை தட்டி, அழுத்தம் எங்கே விழுகிறது என்று காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுகளை அவர்கள் உள்ளுக்குள் எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று. 2010இல் 'கேய்லி' என்ற சொல் சீன இணையத்தில் பரவியது. அசத்தல், விறுவிறுப்பு என்ற பொருளில். அந்த நவம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மக்கள் நாளேட்டின் முதல் பக்கத் தலைப்பிலேயே அது ஏறியது. இணையவாசிகள் சும்மா இருக்கவில்லை. ஆங்கில ஒட்டுகளைச் சேர்த்து 'அன்கெலிவபிள்' என்று ஒரு சொல்லைச் செய்தார்கள். முன்னால் 'அன்', பின்னால் 'ஏபிள்', இரண்டும் சரியான இடத்தில். 'ஸ்மைல்', 'சைலன்ஸ்' இரண்டையும் குழைத்து 'ஸ்மைலன்ஸ்' என்றும் செய்தார்கள்: சிரித்துக்கொண்டே பேசாமல் இருப்பது. என் வகுப்பில் சொல்லாக்கப் பாடத்தை இந்தச் சொற்களிலிருந்துதான் தொடங்குகிறேன். தாங்களே சொல் செய்யத் தெரிந்தவர்கள் என்று மாணவர்கள் உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூட்டுச்சொற்கள் எப்படி?

அதில் அவர்கள் கில்லாடிகள். ரயில் 'ஹுவோச்செ', அதாவது நெருப்பு வண்டி. கணினி 'தியென்னாவ்', மின் மூளை. திரைப்படம் மின் நிழல், தொலைபேசி மின் பேச்சு. சீனச் சொற்களஞ்சியத்தின் பெரும்பகுதி இப்படி இரண்டு துண்டு சேர்ந்ததே. எனவே 'டூத்பிரஷ்', 'நோட்புக்' போன்றவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

கூட்டு இல்லாத இடத்தில்தான் அவர்கள் ஆங்கிலத்தின் மீது எரிச்சல் கொள்கிறார்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் 'நியூரோ', 'ஜூரோ' என்கிறார்கள். ஆங்கிலமோ 'கவ்', 'பீஃப்' என்று உறவே இல்லாத இரண்டு சொல் வைத்திருக்கிறது. மாதங்கள் அவர்களுக்கு முதல் மாதம், இரண்டாம் மாதம். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பெயர்கள். இங்கே காரணம் சொல்லி விளக்க எதுவும் இல்லை. உரு போடத்தான் வேண்டும்.

எதிர்த்திசையில் ஒன்று: சீனக் கூட்டு ஆங்கிலத்துக்குள்ளும் போயிருக்கிறது. 'ஜியாயோ' என்றால் எண்ணெய் ஊற்று. 'விடாதே, முன்னேறு' என்ற உற்சாகக் குரல். அதன் நேர் ஆங்கிலமான 'ஆட் ஆயில்' ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 2018இல் இடம்பெற்றது.

இறந்தகாலம் ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் தப்பாகிறது?

இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாது.

முதலாவது பொருள் சார்ந்தது. சீன வினைக்குப் பின் வரும் 'லெ' இறந்தகால விகுதி என்று பல மாணவர்களும் சில ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். அது செயல் முடிந்ததைக் காட்டுகிறது, காலத்தைக் காட்டவில்லை. 'நாளை சாப்பிட்டுவிட்டுப் போவேன்' என்பதைச் சீனத்தில் சொல்லும்போது 'சாப்பிடு' என்பதற்குப் பின்னால் 'லெ' வரும். நாளைய செயலுக்கு! நம்முடைய 'விட்டு' என்பதற்கு அது நெருக்கமானது. 'லெ' என்றால் 'இடி' என்று நினைக்கும் மாணவர் 'ஐ லைக்ட் மில்க் வென் ஐ வாஸ் யங்' என்பதில் எதுவும் 'முடியவில்லையே' என்று 'லைக்' எழுதுவார்.

'குவோ' என்ற இன்னோர் இடைச்சொல் இருக்கிறது. அது நமக்கு நண்பன். 'வோ ச்சு குவோ பெய்ஜிங்' என்றால் நான் பெய்ஜிங் போயிருக்கிறேன், அதாவது அந்த அனுபவம் எனக்கு உண்டு. 'ஐ ஹேவ் பீன் டு பெய்ஜிங்' என்பதோடு அச்சாகப் பொருந்துகிறது. அந்த ஆங்கில வடிவத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல வாசல் கிடையாது.

இரண்டாவது காரணம் நாக்கு. மாண்டரின் அசை உயிரில் முடியும். மெய்யில் முடிந்தால் 'ன்' அல்லது 'ங்', பெய்ஜிங் பக்கம் 'ர்'. அவ்வளவுதான். 'ஹெல்ப்ட்', 'வாக்ட்' என்று இரண்டு வல்லின மெய் அடுக்கி முடிப்பது அந்த நாக்குக்கு அந்நியம். மாணவர் மனத்தில் 'வாக்ட்' என்று நினைத்து வாயில் 'வாக்' என்று சொல்லக்கூடும். நீங்கள் இலக்கணப் பிழை என்று வட்டமிடுவீர்கள், அவர் குழம்புவார்.

மொழியியலாளர் டோனா லார்டியர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டு அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு பெண்ணின் பேச்சை அவர் பல ஆண்டு இடைவெளியில் பதிவு செய்தார். இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் அது வந்தது. ஆண்டுகள் கழிந்தும் உயரவில்லை. அதே பெண் 'ஹீ', 'ஹிம்' போன்ற பதிலிப்பெயர் வேற்றுமையில் பிழையே செய்யவில்லை. வாக்கிய அமைப்பு தலைக்குள் ஒழுங்காக இருக்கிறது, விகுதி மட்டும் வெளியே வரவில்லை என்று லார்டியர் வாதிட்டார். விகுதி இல்லாததைக் கேட்டதும் 'இவருக்கு ஆங்கிலமே வராது' என்று முடிவு கட்டுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் சோதித்துப் பாருங்கள். 'வென்ட்', 'பாட்' போன்றவை சரியாக வந்து 'ஹெல்ப்ட்', 'வாக்ட்' மட்டும் தவறினால் சிக்கல் நாக்கில். எழுத்திலும் 'கோ', 'பை' என்றே இருந்தால் சிக்கல் இலக்கணத்தில். நாக்குச் சிக்கலுக்கு நான் கொடுக்கும் பயிற்சி: அடுத்த சொல் உயிரில் தொடங்குமாறு வாக்கியம் அமைப்பது. 'வாக்ட் அவே' என்பதை 'வாக்-டவே' என்று படிக்கச் சொல்லுங்கள். 'ஹெல்ப்ட் அஸ்' என்பது 'ஹெல்ப்-டஸ்'. 'லைக்ஸ் இட்' என்பது 'லைக்-சிட்'. கடைசி மெய் அடுத்த அசையின் முதல் மெய்யாகிவிடுகிறது; அங்கே அதை ஒலிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்புதானே. அதற்கும் முன்பு 'வான்டெட்', 'நீடெட்' போல விகுதியே தனி அசையாக நிற்கும் வினைகளிலிருந்து தொடங்கினால் காதும் பழகும்.

'எஸ்' விகுதி, 'எ', 'தி'?

பன்மைக்குச் சீனத்தில் 'மென்' உண்டு, ஆனால் அது பெரும்பாலும் மனிதர்களுக்கும் பதிலிப்பெயர்களுக்கும்தான். எண் வந்துவிட்டால் சேராது. மூன்று என்று சொன்ன பிறகு பன்மை எதற்கு? நாமும் 'பத்து ரூபாய்', 'ஐந்து மரம்' என்று சொல்பவர்கள்தான். எனவே கண்டிப்போடு கொஞ்சம் அனுதாபமும் கலந்துகொள்ளுங்கள். சீனத்தில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் அளவைச் சொல் ஒன்று வரும்: புத்தகத்துக்கு 'பென்', மேசைக்கும் தாளுக்கும் 'ஜாங்', மற்றவற்றுக்குப் பொதுவாக 'கெ'. அந்த இடம் ஆங்கிலத்தில் காலியாக இருக்கிறது, அந்தச் சுமை பெயரின் கடைசிக்கு மாறிவிட்டது என்று காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

'எ', 'தி' கற்பிக்கும்போது முதலில் சொன்ன விருந்தாளியை அழையுங்கள். 'கெரென் லாய் லெ': 'தி கெஸ்ட் ஹேஸ் கம்'. 'லாய் கெரென் லெ': 'எ கெஸ்ட் ஹேஸ் கம்'. அந்த வேறுபாடு தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவர்களுக்கு நிம்மதி தரும். மலைகளுக்கும் ஆறுகளுக்கும் உணவு வேளைகளுக்கும் உள்ள தனி விதிகளை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். இது என் பிடிவாதம்.

ஏன் அம்மாவை 'ஹீ' என்கிறார்கள்?

பேச்சில் அவன், அவள், அது மூன்றும் 'தா' தான். எழுத்தில் மட்டும் வெவ்வேறு. அதிலும் 'அவள்' என்பதற்கான தனி எழுத்து 1920 வாக்கில் கவிஞரும் மொழியியலாளருமான லியூ பான்நோங் முன்வைத்துப் பரவியது. ஆகவே பேசும் வேகத்தில் பால் பார்க்கும் பழக்கம் இல்லை. மரியாதைக் குறைவென்றோ அறியாமையென்றோ எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் சரளமாகப் பேசியவர்களுக்கும் களைத்திருக்கும்போது இது வரும். ஒவ்வொரு முறையும் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். ஒருவரைப் பற்றி ஒரு நிமிடம் தொடர்ந்து பேசவைக்கும் பயிற்சியில் மட்டும் கண்காணியுங்கள்.

ஒரே வாக்கியத்தில் ஏழு பிழை இருந்தால் எதை முதலில் திருத்துவது?

ஒரு மாதிரி வாக்கியம்: 'யெஸ்டர்டே மை மதர் வெரி ஹேப்பி, பிகாஸ் ஐ பாஸ் எக்ஸாம், சோ ஹீ பை மீ டூ புக்.'

'வெரி ஹேப்பி' முன்னால் 'வாஸ்' இல்லை. சீனத்தில் 'அம்மா மிக மகிழ்ச்சி' என்றாலே வாக்கியம் நிறைவு. 'பாஸ்' என்பது 'பாஸ்ட்' ஆக வேண்டும். 'எக்ஸாம்' முன் 'தி'. 'பிகாஸ்' வந்த பிறகு 'சோ'. 'ஹீ'. 'பை'. 'புக்'. ஏழு.

சிவப்பு மையால் ஏழையும் சுற்றினால் மாணவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார். நான் மூன்றை மட்டும் எடுப்பேன்: 'வாஸ்', 'பாஸ்ட்', 'பாட்'. மூன்றும் ஒரே முடிவின் விளைவு. 'யெஸ்டர்டே' என்று வாய் திறந்ததுமே வாக்கியத்தின் எல்லா வினைகளும் மாற வேண்டும் என்ற ஒரே பாடம். 'பிகாஸ்–சோ' எழுத்துப் பாடத்தில் ஐந்து நிமிட வேலை: சீனத்தில் 'யின்வெய்–சோயி' (பிகாஸ்–சோ), 'சுவேய்ரான்–தான்ஷி' (ஆல்தோ–பட்) என்று இணையாகவே வரும், ஆங்கிலத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். 'தி' கடைசி. எச்சரிக்கை ஒன்று: 'வாஸ்' விடுபடுவதை மிகையாகத் திருத்தினால், அடுத்த வாரம் 'ஐ ஆம் அக்ரீ' என்று வரும்.

'ஹூ', 'விச்', 'தட்' வாக்கியங்களைக் கற்பிக்கும் வழி?

இங்கே தமிழ் ஆசிரியருக்கு ஓர் அனுகூலம். 'வோ ஜுவோதியென் மாய் தெ ஷூ' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால்: நான், நேற்று, வாங்கு, 'தெ', புத்தகம். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்'. வரிசை ஒரு மாத்திரை பிசகவில்லை. நம் பெயரெச்ச விகுதி செய்யும் வேலையைத் 'தெ' செய்கிறது. இரு மொழியிலும் விளக்கம் பெயருக்கு முன்னால், ஆங்கிலத்தில் பின்னால். அந்தக் குட்டிக்கரணத்தை நாமும் ஒருமுறை அடித்துத்தான் ஆங்கிலத்துக்குள் வந்தோம். எனவே பெயரை முதலில் சொல்லிவிட்டு நிறுத்தி, 'எந்தப் புத்தகம்?' என்று கேட்டு, விளக்கத்தைப் பின்னால் கோக்கும் பயிற்சி நமக்கு இயல்பாகவே வரும்.

இங்கே ஒரு தனிப் பிழையைக் கவனியுங்கள்: 'தேர் ஆர் மெனி பீப்பிள் லைக் இட்'. சீனத்தின் 'யோ' (உண்டு) வாக்கியத்தில் 'பலர் உண்டு, விரும்பு' என்று நேராகத் தொடரலாம். ஆங்கிலத்தில் நடுவில் 'ஹூ' வேண்டும், அல்லது 'தேர் ஆர்' வேண்டாம். இரண்டாவது வழியே எளிது: 'மெனி பீப்பிள் லைக் இட்'.

எல்லாப் பிழைக்கும் தாய்மொழிதான் காரணமா?

ஒரு காலத்தில் அப்படி நினைத்தார்கள். 1974இல் ஹெய்டி டுலேயும் மரினா பர்ட்டும் 60 ஸ்பானியக் குழந்தைகளையும் 55 சீனக் குழந்தைகளையும் 11 ஆங்கில இலக்கண உறுப்புகளில் ஒப்பிட்டார்கள். இரு குழுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில் அவற்றைப் பிடித்திருந்தன. தாய்மொழிக் கொள்கைக்கு அது பலத்த அடி. பிறகு 2009இல் லுக், ஷிராய் இருவரும் வெளிவந்த ஆய்வுகளை மீண்டும் அலசி, சீன, ஜப்பானிய, கொரிய மாணவர்களுக்குப் பன்மை விகுதியும் 'எ', 'தி' போன்றவையும் பிந்தியும், உடைமை காட்டும் 'எஸ்' முந்தியும் வருவதைக் காட்டினார்கள். உடைமைக்குச் சீனத்தில் 'தெ' இருக்கிறதே. என் கருத்து: தாய்மொழி என்பது விளக்கம், சாக்கு அல்ல. 'கோட்' என்று 'கோ' வினைக்கு இறந்தகாலம் படைக்கும் மாணவர், ஆங்கிலக் குழந்தையும் செய்யும் பிழையைத்தான் செய்கிறார். அது விதியைப் பிடித்துவிட்டதன் அடையாளம், அதற்காக நான் மனத்துக்குள் மகிழ்ச்சி அடைகிறேன்.

சீனாவில் படித்து வந்தவர் தேர்வில் சூரர், பேச்சில் ஊமை. ஏன்?

2001 முதல் அங்கே மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்க வழிவகுக்கப்பட்டது. இலக்கு 'காவ்காவ்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் ஒரு பகுதி இலக்கண நிரப்பல்: ஒரு பத்தி, பத்து வெற்றிடம், 15 மதிப்பெண். பல இடங்களில் மூலச்சொல் கொடுத்திருப்பார்கள். அதை உரிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதாவது இந்தப் பக்கம் முழுக்கப் பேசிய விகுதிகளே அங்கு வினாத்தாள். அந்தப் பத்தியில் தப்பில்லாமல் 'டெவலப்மென்ட்' என்று நிரப்புபவர், பேசும்போது 'சைனா டெவலப் இஸ் ஃபாஸ்ட்' என்பார். வெற்றிடம் கண்ணில் பட்டால் விதி நினைவுக்கு வருகிறது. பேச்சில் வெற்றிடம் யாரும் காட்டுவதில்லை.

அவருக்கு மேலும் விதிகளைச் சொல்லாதீர்கள். தான் நிரப்பிய அதே பத்தியைத் தாளை மூடிவிட்டுக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்து, அதை அவரே கேட்டு எழுதி, தவறிய விகுதிகளை அவரே குறிக்கட்டும். தேர்வுக்குப் பழகிய கண். தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கன்டோனீஸ் பேசுபவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

இலக்கணத்தில் பெரும்பாலும் பொருந்தும். ஒலியில் வேறுபாடு: கன்டோனீஸ் சொல் 'ப்', 'ட்', 'க்', 'ம்' ஆகியவற்றிலும் முடியும், ஆனால் அந்த வல்லின மெய்கள் வெடிக்காமல் உள்ளேயே அடங்கிவிடும். மெய் அடுக்கு அங்கும் இல்லை. 'டவே' பயிற்சி அவர்களுக்கும் உதவும்.

எனக்குச் சீனம் தெரியாது. கற்பிக்க முடியுமா?

முடியும். 'லெ', 'குவோ', 'தெ', 'மென்', 'கெ', 'தா' ஆகிய ஆறும் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் பாதிப் பிழைகளுக்குக் காரணம் புரியும். மீதியை மாணவர்களிடமே கேளுங்கள்: 'இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள், சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.' ஆசிரியருக்குக் கற்றுத் தருவதில் எந்த நாட்டு மாணவருக்கும் சலிப்பு வந்ததில்லை.

இந்தியாவிலிருந்தபடி சீனக் குழந்தைகளுக்கு இணையவழியில் கற்பிக்கலாமா?

2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த 'இரட்டைக் குறைப்பு' கொள்கை பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை அமர்த்திப் பயிற்சி நடத்துவதையும் தடை செய்தது. எனவே சீனாவில் உள்ள பள்ளிக் குழந்தைகளை நம்பித் தொழில் தொடங்கிவிடாதீர்கள். பெரியவர்களும், சீனாவுக்கு வெளியே வாழும் சீனக் குடும்பங்களும் வேறு கணக்கு.

'யெஸ்', 'நோ' குழப்பத்தைத் தீர்ப்பது எப்படி?

'யூ டோன்ட் லைக் இட்?' என்று கேட்டால் சீன மாணவர் 'யெஸ்' என்பார். 'நீங்கள் சொன்னது சரி, பிடிக்கவில்லை' என்று பொருள். ஆங்கிலத்தில் 'நோ' வேண்டும். சீனத்தில் 'துயி' (சரி) என்று கேள்வியை ஒப்புக்கொண்டு தொடர்வார்கள். 'வரவில்லையா?' என்றால் 'ஆமாம், வரவில்லை' என்பவர்கள் நாமும். ஆகவே இந்த ஒரு பாடத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே பெஞ்சில். 'யெஸ், ஐ டூ', 'நோ, ஐ டோன்ட்' என்று வினையோடு சேர்த்தே பதில் சொல்லப் பழக்குங்கள். வினை சரியாக இருந்தால் முன்னால் வருவதும் மெல்லச் சரியாகும். பழகும்வரை, பாடம் முடிந்ததும் 'யூ டோன்ட் ஹேவ் எனி கொஸ்சன்ஸ்?' என்று கேட்டு, வகுப்பு மொத்தமும் 'யெஸ்' என்றால், கேள்விக்காகக் காத்துக்கொண்டு நிற்காதீர்கள்.